ஓட்டத்திலேயே மின்னூட்டம்: கனரக வாகனங்களுக்கான மின்சாரச் சாலையின் வரலாறு

1882 ஏப்ரல் 29 அன்று, பெர்லினை அடுத்த ஹாலென்சேயில் வெர்னர் வான் சீமென்ஸ் புதுவிதமான வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். தலைக்கு மேல் 540 மீட்டர் நீளத்துக்கு மின்கம்பிகள். அவற்றிலிருந்து மின்சாரம் பெற்று, தண்டவாளமில்லாத சாலையில் ஓடியது ‘எலெக்ட்ரோமோட்’. ஜூன் மாதத்தில் சோதனை முடிந்துபோனது. ஆயினும் ஓடும் வண்டிக்குச் சாலையே மின்சாரம் தரலாம் என்பது அங்கே நிரூபணமானது.

அந்த வழியில் வந்ததுதான் டிராலிபஸ். கிரிமியாவில் சிம்ஃபெரோபோலிலிருந்து மலையைக் கடந்து யால்டா வரை 86 கிலோமீட்டருக்கு அது ஓடியது. அதே கம்பிகளின்கீழ் சரக்கு வண்டிகளும் ஓடின. 1980களில் தென்னாப்பிரிக்காவின் பலபோரா, நமீபியாவின் ரோசிங் சுரங்கங்கள் இந்த முறையைக் கையில் எடுத்தன. பள்ளத்திலிருந்து பாரத்தோடு மேலேறும் லாரிகள் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்ததால் டீசல் மிச்சமானது, ஏறும் வேகமும் கூடியது.

நெடுஞ்சாலைக்கு இது தேவைப்படுவதற்குக் காரணம் பேட்டரியின் எடை. நெடுந்தூர லாரிக்கான பேட்டரி சில டன் இருக்கும். அது கூடக்கூட, ஏற்றும் சரக்கைக் குறைக்க வேண்டிவரும். வழியிலேயே மின்சாரம் கிடைத்தால் சிறிய பேட்டரி போதும்.

சீமென்ஸ் நிறுவனம் 2012-இல் ‘இ-ஹைவே’ திட்டத்தை அறிமுகப்படுத்தியது. 2016 ஜூனில் சுவீடனின் சான்ட்விக்கென் அருகே ஈ16 சாலையில் 2 கிலோமீட்டருக்குக் கம்பி கட்டி, பொதுச்சாலையிலேயே ஸ்கானியா லாரிகளை ஓட்டினார்கள். 2019-இல் ஜெர்மனியின் ஏ5 நெடுஞ்சாலையில் பிராங்பர்ட்டுக்குத் தெற்கே 5 கிலோமீட்டர் தடம் திறக்கப்பட்டது. கம்பி இருப்பதை உணர்கருவி கண்டறிந்ததும் லாரியின் கூரையிலுள்ள பாண்டோகிராஃப் உயர்ந்து கம்பியைத் தொடும். முந்திச் செல்ல லாரி விலகினால் அது தானாகத் தாழும். அதன்பின் பேட்டரி கைகொடுக்கும்.

கம்பிக்கு மாற்றும் உருவானது. 2018-இல் ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா விமான நிலையம் அருகே சாலைக்குள் மின்தண்டவாளம் பதித்தார்கள். தரைக்கடியில் கம்பிச்சுருள் புதைத்து, காந்தப்புலத்தின் வழியே மின்சாரம் கடத்தும் தூண்டல் முறை இன்னும் பழையது: பிரான்ஸின் ஹுட்டினும் லெப்லாங்கும் 1894-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டனர். தென்கொரியாவின் குமி நகரில் 2013 முதல் அந்த முறையில் பேருந்துகள் ஓடின.

பொறியியல் தேர்ச்சி பெற்றது. ஆனால் திட்டங்கள் நிலைக்கவில்லை. சுவீடன் ஹால்ஸ்பெர்க்குக்கும் ஓரெப்ரூவுக்கும் இடையே 21 கிலோமீட்டர் நிரந்தர மின்சாரச் சாலை அமைக்க இருந்தது. ஏலத்தில் கேட்கப்பட்ட விலை நிதி ஒதுக்கீட்டைத் தாண்டியதால், 2023-இல் அந்தக் கொள்முதலைக் கைவிட்டது. ஏ5 சோதனையும் 2024 இறுதியோடு நின்றது.

சுரங்கத்தில் வென்றது நெடுஞ்சாலையில் ஏன் தடுமாறுகிறது? சுரங்கத்தில் சாலைக்கும் லாரிக்கும் உரிமையாளர் ஒருவரே. போட்ட முதல் அவருக்கே திரும்புகிறது. நெடுஞ்சாலையோ அரசுடையது, லாரிகளோ ஆயிரம் முதலாளிகளுடையவை. நீண்ட மின்தடம் வராமல் யாரும் பாண்டோகிராஃப் வைத்த லாரி வாங்க மாட்டார்கள். அந்த லாரிகள் வராமல் கருவூலமும் கோடிகளை இறக்காது. இதற்கிடையே பேட்டரி விலை சரிந்ததில், நிறுத்தி மின்னேற்றும் முறை எளிதாகிவிட்டது.

ஆகவே இந்தத் தொழில்நுட்பத்தின் அடுத்த கட்டத்தை நாடு முழுவதற்குமான வலையமைப்பில் தேடுவதைவிட, துறைமுகத்துக்கும் சரக்குக் கிடங்குக்கும் நடுவே அதே லாரிகள் தினமும் போய்வரும் குறுகிய தடங்களில் தேடுவதே பொருத்தம். லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களை ஒட்டிய கார்சன் நகரில் 2017-இல் ஒரு மைல் தூரத்துக்கு நடந்த கம்பித்தடச் சோதனை அத்தகைய வழித்தடத்தைத்தான் மனதில் கொண்டிருந்தது. அங்கே லாரிகளையும் அவற்றின் பயண எண்ணிக்கையையும் முன்கூட்டியே கணக்கிட முடியும். சாலைக்கான செலவைத் துறைமுகமும் போக்குவரத்து நிறுவனங்களும் ஒரே ஒப்பந்தத்தில் பகிர்ந்துகொள்ளவும் முடியும்.