ஒன்பது மில்லிமீட்டர்: அவசரகாலத் தோட்டங்களில் துப்பாக்கியின் உதை



கணினி விளையாட்டுகளிலும் திரைப்படங்களிலும் துப்பாக்கிக்கு எடை கிடையாது. சுட்டவனின் தோளும் நோவதில்லை. எந்தத் துப்பாக்கி சிறந்தது என்று நம் பிள்ளைகள் தங்களுக்குள் வாதிடுவதைப் பல பள்ளிகளிலும் கேட்கலாம். அவர்களின் கொள்ளுத்தாத்தாக்கள் காலத்தில் இதே கேள்வி மலாயாத் தோட்டங்களில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. சுடுவதற்கு எது இதமானது, எது தோளைப் பெயர்ப்பது, அந்த இதம் யாருக்குக் கிடைத்தது என்பவற்றைக் கேமரன் மலையிலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலையும் பாதையும்

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங் மாநிலத்தின் இம்மலைப்பகுதியை ஆய்ந்தார். 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1931இல் திறக்கப்பட்டது. 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் உருவாயிற்று. காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி நட்டவர்களிலும், கூடை சுமந்து கொழுந்து கிள்ளியவர்களிலும் தமிழர்களே மிகுதி.

1948 சூன் 16ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாள்களில் அவசரகாலம் மலாயா முழுமைக்கும் விரிந்தது. 1960 சூலை 31 வரை நீடித்தது. காட்டின் நடுவே அமைந்த தோட்டங்களுக்கும், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து செல்லும் தாப்பாச் சாலைக்கும் அப்பன்னிரண்டு ஆண்டுகள் எத்தகையவை என்பதை எண்ணிப் பாருங்கள். பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்காக 1951இல் கேமரன் மலையில் ஸ்லிம் பள்ளி தொடங்கப்பட்டது. அப்பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு சென்று திரும்பியதும் ஆயுதக் காவலுடன்தான்.

இக்காலத்தில் தோட்டத் துரைமார் இடுப்பில் கைத்துப்பாக்கி ஏறியது. காரில் சிறு இயந்திரத் துப்பாக்கி வைத்துப் பயணம் செய்தவர்களும் உண்டு. தோட்டங்களையும் சுரங்கங்களையும் காக்கச் சிறப்புக் காவலர்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களின் தொகை 1950களின் தொடக்கத்தில் 40,000ஐ எட்டியது. பெரும்பாலோர் மலாய் இளைஞர்கள், இந்தியரும் இருந்தனர். அதுவரை துப்பாக்கியைத் தொட்டறியாத அவர்கள் குறுகிய காலப் பயிற்சியோடு காவலுக்கு நின்றார்கள்.

ஒரே தோட்டா, வெவ்வேறு உதை

குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை விளக்க இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது. தோட்டா ஒன்றே ஆயினும் துப்பாக்கி கனமாக இருந்தால் உதை குறையும்; இலேசாக இருந்தால் கூடும். எடையோடு பிடியின் வடிவமும், குழல் கைக்கு எவ்வளவு மேலே அமைந்துள்ளது என்பதும், உள்ளிருக்கும் சுருள்வில்லின் இயக்கமும் சேர்ந்தே சுடுபவரின் இதத்தைத் தீர்மானிக்கின்றன.

ஒன்பது மில்லிமீட்டர் பாரபெல்லம் தோட்டாவை 1902இல் ஜெர்மனியில் உருவாக்கியவர் கேயார்க் லூகர். அதன் குண்டு ஏறத்தாழ 7.5 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர். அவர் பெயரைத் தாங்கிய லூகர் கைத்துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 870 கிராம். அதன் பிடி நன்கு சாய்ந்திருப்பதால் கையை நீட்டினால் விரல் சுட்டுவது போலக் குழல் இலக்கை நோக்கும். ஆனால் விசையை அழுத்தும்போது கிடைக்கும் உணர்வு அத்துணை மென்மையானதன்று. மண்ணும் சேறும் புகுந்தால் அதன் நுண்ணிய பொறியமைப்பு இடர்ப்படும்.

பிரிட்டிஷார் வேறு வழியில் சென்றனர். முதல் உலகப்போரில் அவர்களிடம் இருந்தது 0.455 அங்குல வெப்லி ரிவால்வர். கனமான குண்டு, கடுமையான உதை. அவசரப் பயிற்சி பெற்ற வீரரால் அதை அடக்கிச் சுட இயலவில்லை என்று கண்டு, போருக்குப் பின் 0.38 அங்குல ரிவால்வருக்கு மாறினர். அதன் குண்டு மெதுவாகச் செல்வதால் உதை குறைவு. ஆயினும் பின்னர் வந்த ஒரு வகையில் விசையை ஒவ்வொரு முறையும் நீளமாக, வலுவாக இழுக்க வேண்டியிருந்தது. உதையில் கிடைத்த இதத்தை விரல் இழந்தது எனலாம்.

ஜான் பிரௌனிங் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் பெல்ஜியத்தில் தியூதோனே செவ் முடித்த பிரௌனிங் ஹை-பவர் 1935இல் வெளிவந்தது. எடை ஏறத்தாழ 1 கிலோ, தோட்டாக்கள் 13. இரட்டை வரிசையில் தோட்டாக்களை அடுக்கியும் அதன் பிடி பெரும்பாலோர் கைக்கு அடங்கியது. எடை மிகுதியால் அதே ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா இதில் மென்மையாக உதைக்கும். குறையும் உண்டு: சுடும்போது பின்னால் சாயும் சுத்தியல், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தோலைச் சிலருக்குக் கடித்துவிடும். பிரிட்டிஷ் இராணுவம் 1954இல், அவசரகாலத்தின் நடுவே, இதைத் தன் பொதுக் கைத்துப்பாக்கியாக ஏற்றது.

ஸ்டென்னும் ஓவனும்

அதே தோட்டாவைச் சிறு இயந்திரத் துப்பாக்கியில் இட்டால் கதை மாறுகிறது. 1941இல் பிரிட்டன் அவசர அவசரமாகச் செய்த ஸ்டென்னின் எடை ஏறத்தாழ 3.2 கிலோ. ஒற்றைக் குண்டின் உதை தோளில் உறைக்காது. ஆனால் உள்ளே கனத்த இரும்பு முன்னும் பின்னும் மோதுவதால் துப்பாக்கி முழுதும் அதிரும். தோட்டாக் கூடு இடப்பக்கம் துருத்தி நிற்கும். கீழே விழுந்தால் தானே வெடிக்கக் கூடியது என்பதே அதன் பெருங்குறை. சப்பானியர் காலத்தில் நேச நாட்டு விமானங்கள் காட்டுக்குள் இறக்கிய ஆயுதங்களில் ஸ்டென்னும் இருந்தது. ஆகவே அவசரகாலத்தில் வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே துப்பாக்கி இருந்ததில் வியப்பில்லை.

ஆஸ்திரேலியாவின் ஈவ்லின் ஓவன் வடிவமைத்த ஓவன் துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 4.2 கிலோ. தோட்டாக் கூடு தலைக்கு மேல் நிற்கும் விந்தையான தோற்றம். சேற்றில் முக்கியெடுத்தாலும் சுடும். எடை கூடுதலாதலால் தொடர்ந்து சுட்டாலும் குழல் அலைவது குறைவு. மலாயாக் காட்டில் ரோந்து சென்ற பிரிட்டிஷ் படையினரும் இதனை விரும்பினர்.

தோளைப் பெயர்த்த குட்டைத் துப்பாக்கி

காவற்படையினரிடம் பரவலாக இருந்தது ஒன்பது மில்லிமீட்டர் அன்று, 0.303 அங்குல லீ-என்ஃபீல்டு துப்பாக்கியே. அதன் காட்டு வடிவம் ஐந்தாம் எண் துப்பாக்கி. காட்டில் தூக்கிச் செல்ல எளிதாக இருக்கட்டும் என்று 1944 முதல் 1947 வரை குட்டையாகவும் இலேசாகவும் செய்தார்கள். எடை 3.2 கிலோ அளவுக்குக் குறைந்தது. விளைவு என்ன? தூக்குபவருக்கு இதம், சுடுபவருக்குத் துன்பம். கட்டையின் முனையில் ஒட்டிய இரப்பர்ப் பட்டை குறுகலாக இருந்ததால் உதை முழுவதும் தோளின் ஒரு சிறு இடத்தில் இறங்கியது.

கணக்கிட்டுப் பார்ப்போம். வெடிமருந்து வாயுவின் தள்ளலைத் தவிர்த்துக் குண்டை மட்டும் கொள்வோம். 7.5 கிராம் குண்டு 350 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், 1 கிலோ பிரௌனிங் நொடிக்கு 2.6 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். 4.2 கிலோ ஓவனோ 0.6 மீட்டர் வேகத்தில்தான் பின்வாங்கும். 0.303 அங்குலக் குண்டு 11.3 கிராம், வேகம் ஏறத்தாழ 740 மீட்டர். ஆகவே 3.2 கிலோ துப்பாக்கி 2.6 மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். பிரௌனிங்கின் வேகமேதான், ஆனால் மோதும் இரும்பின் எடை மூன்று மடங்குக்கும் மேல். பிரௌனிங்கின் உதையாற்றல் ஏறத்தாழ 3.4 ஜூல், இதன் உதையாற்றல் 11 ஜூல்.

இதமான துப்பாக்கிகள் இடுப்பிலும் காரிலும் சென்றன. கடுமையாக உதைத்தது, இரவெல்லாம் கம்பி வேலியோரம் நின்ற இளைஞனின் தோளுக்குக் கிடைத்தது. அவசரகாலத்தில் உயிர்நீத்த காவற்படையினர் 1,346 பேர். பொதுமக்கள் 2,478 பேர் என்று பதிவுகள் கூறுகின்றன. அப்பொதுமக்களில் தோட்டத் தொழிலாளர்களும் அடங்குவர்.

தொழிலாளியும் துப்பாக்கியும்

கொழுந்து கிள்ளியவருக்கும் பால்மரம் வெட்டியவருக்கும் இவ்வொப்பீடு பொருளற்றது. அவர்கள் இரு துப்பாக்கிகளுக்கு இடையே வாழ்ந்தார்கள். இரவில் காட்டிலிருந்து வந்தவன் அரிசி கேட்டான். பகலில் வந்த காவலர் அரிசி எங்கே போயிற்று என்று கேட்டார். கம்பி வேலி, ஊரடங்கு, வாயிலில் சோதனை, அளந்து கொடுத்த உணவு என்பவை அன்றாடமாயின.

உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு அவசரகாலச் சட்டம் மரண தண்டனை விதித்தது. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி அச்சட்டத்தின்படியே தண்டிக்கப்பட்டார். ஒரு கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. இந்திய அரசு அவருக்காகப் பரிந்து பேசியது. பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். துரையின் இடுப்பில் தற்காப்பாக இருந்த பொருள், தொழிலாளர் தலைவரின் கையில் தூக்குக் கயிறாயிற்று. அவருடைய அரசியலை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த வேறுபாட்டைப் பாடநூலில் ஒரு வரியாகக் கடந்துபோவது வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகாது.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

இன்று நெகிழிச் சட்டம் கொண்ட கைத்துப்பாக்கிகள் பெருகிவிட்டன. 1980களில் வந்த ஆஸ்திரியாவின் குளோக், தோட்டாக்கள் இல்லாமல் 630 கிராம் அளவே எடையுள்ளது. கணக்குப்படி அதன் உதை கூட வேண்டும், கூடவும் செய்கிறது. குழலைக் கைக்கு மிக நெருக்கமாக அமைத்ததால், முனை மேலே துள்ளுவதை ஓரளவு அடக்கியிருக்கிறார்கள். அறிவியல் ஆசிரியர்கள் உந்த அழிவின்மையைக் கற்பிக்க இவ்வெண்களையே பயன்படுத்தலாம்; அதற்கு ஆயுதம் எதையும் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

வரலாற்று ஆசிரியர்களுக்கு இன்னொரு பணி உண்டு. அவசரகாலத்தைச் சிறுவயதில் கண்டவர்கள் இன்று முதியவர்களாகிவிட்டார்கள். உங்கள் மாணவர் வீட்டில் அத்தகைய பாட்டியோ தாத்தாவோ இருந்தால், வேலி எங்கே இருந்தது, வாயில் எத்தனை மணிக்கு அடைத்தார்கள், காவலுக்கு நின்றவர் யார், அவர் கையில் எந்தத் துப்பாக்கி இருந்தது என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பெற்றோர்களே, அதை எழுத நீங்களும் பக்கத்தில் அமர்ந்து உதவுங்கள். எந்தத் துப்பாக்கி சிறந்தது என்று கேட்கும் பிள்ளைக்கு, அது யாருக்குச் சிறந்தது என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் அந்த ஏட்டிலிருந்தே தொடங்கும்.