ஒரே வினாத்தாள், ஆனால் ஒரே வாசல் இல்லை

வெள்ளிக்கிழமை கெசட் வந்துவிட்டால் பேராதனையிலிருந்து கெலிஓயா, கம்பளை என்று இந்தப் பாதை நெடுக வட்ஸ்அப் குழுமங்களில் அதே பேச்சுத்தான். வயதெல்லை யாருக்குச் சரிவரும், ஓ/எல்லில் எத்தனை சீ கேட்கிறார்கள், கடைசித் தேதி எப்போ? அரச உத்தியோகம் என்றால் மாதச் சம்பளமும் பென்ஷனும் மட்டுமில்லை. கச்சேரியிலோ பிரதேச செயலகத்திலோ பொலிஸிலோ மேசைக்கு அந்தப் பக்கம் நம்மட மொழி தெரிந்த ஒருவர் இருப்பாரா இல்லையா என்பதும் அந்தப் பரீட்சை மண்டபத்தில்தான் முடிவாகிறது. அதனால் இந்தப் போட்டிப் பரீட்சைகள் கடந்து வந்த பாதையை ஒருக்கா திரும்பிப் பார்க்க நினைத்தோம்.

"எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே நேரம், ஒரே வெட்டுப்புள்ளி. இதைவிட நியாயம் என்ன வேணும்?" என்று சிலர் கேட்பார்கள். பிழையான கேள்வி இல்லை. போட்டிப் பரீட்சை என்ற முறையே செல்வாக்குக்கு எதிராக வந்ததுதான். பிரித்தானியாவில் 1854ஆம் ஆண்டு நோர்த்கோட் - ட்ரெவெலியன் அறிக்கை, ஆள் பிடித்து உத்தியோகம் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிட்டுத் திறமை பார்த்து எடுங்கள் என்றது. அடுத்த வருடமே இந்திய சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை தொடங்கியது. காகிதத்தில் இந்தியர்களும் எழுதலாம். ஆனா பரீட்சை நடந்தது லண்டனில். முதலாவது இந்தியராக சத்யேந்திரநாத் தாகூர் தேறியது 1863இல். அதே பரீட்சையை இந்தியாவிலும் வைக்கத் தொடங்கியது 1922இல்தான். கப்பலேறக் காசில்லாதவன் அந்த அறுபத்துச் சொச்ச வருடமும் வெளியேதான் நின்றான். அவனை யாரும் தடுக்கவில்லை, அவனுக்கு ஒரு கட்டணத்தை மட்டும் வைத்தார்கள்.

இலங்கையிலும் கதை வேறில்லை. 1875இல் பொன்னம்பலம் அருணாசலம் போட்டிப் பரீட்சை மூலம் சிவில் சேவைக்குள் நுழைந்த முதலாவது இலங்கையரானார். நாம் பெருமையோடு சொல்லும் செய்தி இது. ஆனா அவர் கொழும்பு ரோயல் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் படித்தவர். அதே காலத்தில் கண்டியைச் சுற்றியிருந்த கோப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு அப்படியொரு பரீட்சை இருப்பதே தெரிந்திருக்க வழியில்லை.

குடியுரிமை என்ற முதல் தாள்

சுதந்திரம் கிடைத்த 1948லேயே வந்தது 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களாக்கப்பட்டார்கள். இதை வாக்குரிமைப் பிரச்சினையாக மட்டுமே பாடப் புத்தகங்கள் சொல்லித் தருகின்றன. அது வேலைப் பிரச்சினையும்தான். இலங்கைப் பிரஜையாக இல்லாதவர் அரச சேவைக்கு விண்ணப்பிக்க ஏலாது. கேள்வித்தாளைக் காணும் முன்பே வெளியே போட்டாச்சு.

அதற்கும் முன்னால் ஒரு வடிகட்டி இருந்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பலனுக்கு வெளியே விடப்பட்டன. பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு நின்றன. அவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். ஓ/எல் தேவைப்படும் உத்தியோகத்துக்கு, ஓ/எல் வரை வகுப்பே இல்லாத பள்ளிக்கூடத்திலிருந்து யார் போவது? குடியுரிமைச் சிக்கலை முடிக்க 1988இலும் 2003இலும் தனிச் சட்டங்கள் தேவைப்பட்டன. எங்களில் பலருடைய தாத்தா பாட்டி காலத்தில் அரச உத்தியோகம் என்பது கனவுப் பட்டியலிலேயே இருக்கவில்லை என்றால் காரணம் சோம்பலுமில்லை, அறிவுக் குறைவுமில்லை.

கேகாலைக் கச்சேரியில் ஒரு எழுதுவினைஞர்

1956இன் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. தமிழ் மூலம் படித்தவர் அரச சேவை நுழைவுப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம் என்று அது சொன்னது. கூடவே ஒரு நிபந்தனை: சிங்களம் தெரிந்திருக்க வேண்டும், அல்லது குறித்த காலத்துக்குள் படிக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கான ஒழுங்குவிதிகள் பாராளுமன்றத்தில் நிறைவேறியதோ 1966 ஜனவரியில்தான். ஏழு வருடத்துக்கும் மேலான தாமதம்.

இதற்கிடையில் ஏற்கனவே வேலையில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது? இங்கேதான் செல்லையா கோடீஸ்வரன் வருகிறார். 1952இல் பொது எழுதுவினைஞர் சேவையில் சேர்ந்த தமிழர். 1961 டிசம்பரில் திறைசேரி ஒரு சுற்றறிக்கை விட்டது: சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதாதவர்களுக்குச் சம்பள ஏற்றம் இல்லை. கோடீஸ்வரன் அந்தப் பரீட்சைக்குப் போகவில்லை. 1962இல் கேகாலை அரசாங்க அதிபர் அவருடைய சம்பள ஏற்றத்தை நிறுத்தினார். கோடீஸ்வரன் வழக்குப் போட்டார்.

அவருடைய வாதம் எளிமையானது. அன்றைய சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு இல்லாத கட்டுப்பாட்டை இன்னொரு சமூகத்தாருக்கு விதிக்கும் சட்டம் செல்லாது என்றது. மொழிச் சட்டம் அதைத்தானே செய்கிறது? 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குப் போட முடியாது என்பதே அது சொன்ன காரணம், மொழிக் கேள்வியை அது தொடவேயில்லை. 1969 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில், வழக்குப் போட முடியும், மொழிக் கேள்விக்கு உயர் நீதிமன்றமே பதில் சொல்லட்டும் என்று திருப்பி அனுப்பியது.

அந்தப் பதில் வரவேயில்லை. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு நிறுத்தப்பட்டது. 1972இன் புதிய யாப்பில் 29ஆம் பிரிவு காணாமலே போனது. ஒரு எழுதுவினைஞர் நிறுத்தப்பட்ட சம்பள ஏற்றத்தைக் கேட்டுப் போனார். அவர் பிடித்து நின்ற சட்டப் பிரிவையே நாடு இல்லாமலாக்கியது.

எழுத்தில் வந்த உரிமை

இன்றைக்கு நிலைமை அப்படியே இல்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. யாப்பின் 22ஆம் உறுப்புரை, அரச சேவைக்கான எந்த நுழைவுப் பரீட்சைக்கும் சிங்களத்திலோ தமிழிலோ தோற்றும் உரிமையைத் தருகிறது. மற்ற மொழியைச் சேர்ந்த பிறகு நியாயமான காலத்துக்குள் படித்தால் போதும். புதிதாகச் சேரும் உத்தியோகத்தர்கள் இரண்டாம் அரசகரும மொழியில் ஐந்து வருடத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2007இன் சுற்றறிக்கை சொன்னது. 1961க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு: இந்த விதி சிங்கள உத்தியோகத்தரையும் தமிழ் படிக்கச் சொல்கிறது.

ஆனா உரிமை யாப்பில் இருப்பது ஒரு விஷயம், வினாத்தாளில் இருப்பது இன்னொரு விஷயம். ஒரு மொழியில் யோசித்து எழுதிய கேள்வியை மற்ற மொழிக்கு அவசரமாக மாற்றினால், ஒரே கேள்வி இரண்டு கேள்வியாகிவிடும். நிமிடத்துக்கு ஒரு கேள்வி செய்ய வேண்டிய நுண்ணறிவுத் தாளில், வசனத்தை விளங்கிக்கொள்வதற்கே அரை நிமிடம் போனால் அங்கே அளக்கப்படுவது நுண்ணறிவு இல்லை.

படிக்கட்டுக்குக் கீழே நிற்பவர்கள்

மொழிக்காக இவ்வளவு பேசும் நாம் நம் நடுவிலேயே ஒரு கூட்டத்தைக் கவனிக்காமல் விடுகிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவர், பார்வையற்றவர், காது கேளாதவர். 1988இல் பொது நிர்வாகச் சுற்றறிக்கை ஒன்று அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொன்னது. அதிலும் ஒரு நிபந்தனை: தகைமை இருக்க வேண்டும், இயலாமை கடமைக்குத் தடையாக இருக்கக் கூடாது. தடையா இல்லையா என்று தீர்மானிப்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர். 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இன்னும் தெளிவாகவே சொல்கிறது: இயலாமையைக் காரணம் காட்டி ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டக் கூடாது, மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதிக்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது.

சட்டப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது. இனி மலைநாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பரீட்சை நிலையம் அநேகமாக அதுதான். சரிவில் கட்டிய கட்டடம், கேட்டிலிருந்து மண்டபம் வரை படிக்கட்டு. நுண்ணறிவுத் தாளில் "அடுத்து வரும் உரு எது?" என்று வரிசையாகப் படங்கள். பார்வையற்ற ஒருவர் உதவி எழுத்தாளரோடு வந்தாலும் அந்தப் படத்தை எப்படிக் காதால் பார்ப்பது? அந்த உத்தியோகத்துக்கு உரு பார்க்கும் திறமை உண்மையிலேயே தேவையா என்று யாராவது கேட்டார்களா?

இந்தியாவில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு. சென்னையைச் சேர்ந்த பெனோ ஸெபின், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளின் துணையோடு படித்து, முழுமையாகப் பார்வையற்றவர்களில் முதலாமவராக 2015இல் இந்திய வெளியுறவுச் சேவையில் சேர்ந்தார். 2021 பெப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள ஒருவருக்கு சிவில் சேவைப் பரீட்சையில் உதவி எழுத்தாளர் மறுக்கப்பட்டிருந்தது, அவருடைய நிலை பட்டியலில் இல்லை என்பதுதான் காரணம். பட்டியலைப் பார்க்காதே, ஆளுக்கு என்ன தேவை என்று பார் என்றது நீதிமன்றம். கூடுதல் நேரமும் உதவி எழுத்தாளரும் சலுகை இல்லை. அவை இல்லாவிட்டால் பரீட்சை அளப்பது கையின் வேகத்தை, தலைக்குள் இருப்பதை இல்லை.

எங்கட நிலைப்பாடு இதுதான். வெட்டுப்புள்ளியைக் குறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அளக்க வேண்டியதை மட்டும் அளக்கச் சொல்கிறோம். லண்டன் பரீட்சை கப்பல் கூலியை அளந்தது. 1961இன் பரீட்சை பிறந்த வீட்டு மொழியை அளந்தது. படிக்கட்டு மேலே இருக்கும் மண்டபம் கால்களை அளக்கிறது.

இனி விண்ணப்பம் நிரப்பும்போது பதவியின் பெயரையும் சம்பளத்தையும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், பரீட்சை மொழி பற்றிய பகுதியையும் விசேட ஏற்பாடுகள் பற்றிய பகுதியையும் வாசியுங்கள். விசேட ஏற்பாடு பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அந்தத் திணைக்களத்துக்கு எழுதிக் கேளுங்கள், கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தேவைப்படலாம். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.