தேய்வதற்கென்றே செய்த வளையம்: போர்ஷ் 915 கியர்பாக்ஸின் கதை

பழைய போர்ஷ் 911 கார்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் ஒரு புகார் திரும்பத் திரும்ப கண்ணில் படும். 915 என்ற எண் கொண்ட அதன் கியர்பாக்ஸ் மோசம் என்பார்கள். குளிரில் இரண்டாவது கியர் விழாது. அவசரப்பட்டுத் தள்ளினால் கர்ரென்று கத்தும். 1972 மாடலில் தொடங்கி 1986 வரை 911இல் வந்த பெட்டி இது. இன்று உலகம் முழுக்கப் பலர் இதை வீட்டு காரேஜில் இறக்கி, பிரித்து, புதுப்பித்துத் திரும்பக் கோர்க்கிறார்கள். அப்படிப் பிரிக்கும்போது உள்ளே அதிகம் தேய்ந்து கிடப்பது, கைக்குள் அடங்குகிற ஒரு எஃகு வளையம். அந்த வளையத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் இந்தப் பெட்டிக்குக் கெட்ட பெயர் வந்தது நியாயமா என்றும் புரிந்துவிடும்.

ஒரு சின்ன கணக்கு

1890களில் பிரான்சில் பனார், லெவாசோர் காலத்து கார்களில் பற்சக்கரங்களையே நகர்த்தி ஒன்றோடொன்று கோர்க்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது கோர்த்தால் பல் மோதும். வேகத்தைச் சமன் செய்யும் வேலை முழுக்க டிரைவரின் காலிலும் காதிலும் இருந்தது. நம்ம ஊர் பழைய லாரி டிரைவர்கள் செய்த டபுள் கிளட்ச் அதே வித்தைதான்: கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போடுவது.

எவ்வளவு வேகத்தைச் சமன் செய்ய வேண்டும்? 915ஐயே எடுத்துக்கொள்வோம். முதல் கியரில் 11க்கு 35 பல், அதாவது 3.18 விகிதம். இரண்டாவதில் 18க்கு 33 பல், 1.83 விகிதம். முதல் கியரில் எஞ்சினை 6,000 சுற்றுவரை கொண்டுபோய் இரண்டாவதுக்கு மாற்றுகிறோம். வெளியே போகும் தண்டு அப்போது சுமார் 1,890 சுற்றில் இருக்கும். இரண்டாவது கியர் சத்தமில்லாமல் கோர்க்க உள்ளே வரும் தண்டு சுமார் 3,460 சுற்றில் சுற்றணும். அதாவது 2,500 சுற்றுக்கு மேல் குறைய வேண்டும், அதுவும் ஒரு நொடிக்குள்.

கிளட்ச்சை மிதித்தவுடன் எஞ்சின் கழன்றுவிடும். மிச்சம் சுற்றுவது கிளட்ச் தட்டும், உள்தண்டும், அதோடு பூட்டிய சக்கரங்களும்தான். இன்னொரு பக்கம் ஒரு டன் எடை காரே ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் வேகத்தை மாற்ற முடியாது. ஆக, லேசான பக்கத்தைப் பிடித்து கனமான பக்கத்தின் வேகத்துக்குக் கொண்டுவர ஒரு குட்டி பிரேக் தேவை. சிங்க்ரோ என்பது அந்த பிரேக்தான்.

அமெரிக்காவில் தொடக்கம்

இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ஏர்ல் தாம்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1928இல் கேடிலாக் கார்களில் அவருடைய சிங்க்ரோமெஷ் வந்தது. பற்கள் சந்திக்கும் முன் கூம்பு வடிவப் பரப்புகள் உரசி வேகத்தைச் சமன் செய்யும். இதே தாம்சன்தான் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் குழுவுக்கும் தலைமை தாங்கினார். முதலில் டிரைவரிடமிருந்து டபுள் கிளட்ச்சை வாங்கிக்கொண்டார், பிறகு கிளட்ச் பெடலையே வாங்கிக்கொண்டார்!

அடுத்த கட்டம் தடுப்பு வளையம். போர்க்-வார்னர் பெயரில் பரவிய முறையில் பித்தளை வளையத்தின் பற்கள், வேகம் சமமாகும்வரை ஸ்லீவின் வழியில் குறுக்கே நிற்கும். சமமானதும் விலகி வழிவிடும். இன்றைய மேனுவல் கார்களில் இருப்பது பெரும்பாலும் இதன் வாரிசுகள்தான்.

ஆனாலும் எல்லா கியருக்கும் இதைக் கொடுக்க கம்பெனிகள் அவசரப்படவில்லை. 1962இல் வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் முதல் கியருக்கு 1967வரை சிங்க்ரோ கிடையாது. 1961இல் வந்த ஜாகுவார் இ-டைப்பின் ஆரம்பப் பெட்டியும் அப்படித்தான். முதல் கியர் நின்ற இடத்தில் போடுவது, அதுக்கு எதுக்குச் செலவு என்ற கணக்கு.

போர்ஷின் சொந்த வழி

ஆரம்பகால போர்ஷ் 356 ஃபோக்ஸ்வாகன் வழிவந்த, சிங்க்ரோ இல்லாத பெட்டியோடுதான் ஓடியது. 1952இல் நாலு கியருக்கும் சிங்க்ரோ வந்தது. அது போர்ஷ் பொறியாளர் லியோபோல்ட் ஷ்மிட்டின் சொந்த வடிவமைப்பு. கூம்புக்குப் பதில் ஓரிடத்தில் வெட்டுப்பட்ட எஃகு வளையம், மேலே மாலிப்டினம் பூச்சு.

ஸ்லீவ் வந்து உரசும்போது வேக வித்தியாசத்தால் வளையம் இழுபடும். அதன் ஒரு முனை உள்ளே இருக்கும் கட்டையில் முட்டி, சின்ன பட்டைகளைத் தள்ளி, வளையத்தை வெளிப்பக்கம் விரிக்கும். டிரம் பிரேக்கில் ஷூ தானாகவே இறுகிப் பிடிக்குமே, அதே தத்துவம். விரிந்த வளையத்தைத் தாண்டி ஸ்லீவ் போக முடியாது. வேகம் சமமான கணத்தில் இழுவை போய்விடும், வளையம் சுருங்கும், ஸ்லீவ் வழுக்கிக்கொண்டு மேலே ஏறி பற்களைக் கோர்க்கும். ஆல்ஃபா ரோமியோ, ஃபெராரி கார்களிலும் இந்த முறை இடம்பிடித்தது.

பிரச்சினை பின்னால்தான் வந்தது. 1972இல் 911டி காரின் சக்தி 130 குதிரைத்திறன். 1984இன் 3.2 கரேராவில் ஐரோப்பிய மாடலுக்கு 231. எஞ்சின் ஏறக்குறைய இரண்டு மடங்கு வளர்ந்தும், வளையத்தின் அடிப்படை வடிவம் 1952இன் யோசனைதான். அதோடு இந்தப் பெட்டி ஓட்டுகிறவரிடம் ஒரு நிதானத்தை எதிர்பார்க்கிறது. நியூட்ரலில் அரைக் கணம் நின்று தள்ளினால் போதும். புதுக் கார்களில் பழகிய கை அந்த அரைக் கணத்தைத் தருவதில்லை.

காரேஜில் என்ன தெரிகிறது

பெட்டியை இறக்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இரண்டு. 915 பெட்டிக்குக் கேபிள் கிளட்ச். அது சரியாக விடவில்லை என்றால் எந்தச் சிங்க்ரோவாலும் சமாளிக்க முடியாது. இன்னொன்று, கியர் ராடுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள இணைப்பின் புஷ். அது நொறுங்கியிருந்தாலும் கியர் விழாது. இந்த இரண்டின் பாவத்தையும் பெட்டி சுமந்த கதைகள் ஏராளம்.

இறக்கியே ஆகணும் என்றால் முதல் சாட்சி ஆயில். வடிகால் திருகின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் உறுத்துகிற துண்டுகள் இருந்தால் பல் உடைந்திருக்கிறது. அலுமினிய, மெக்னீசிய உறைகளிலிருந்து பேரிங்கை அடித்து எடுக்கக் கூடாது. உறையை 100 டிகிரிக்கு மேல் சீராகச் சூடாக்கினால் அது விரிந்து பேரிங்கைத் தானே விடும். இதற்காகச் சமையலறை அவனைப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு, வீட்டில் சம்மதம் கிடைத்தால். மெக்னீசியத்தின் பக்கத்தில் மட்டும் நேரடி நெருப்பு கூடவே கூடாது.

அடுத்து வளையம். பூச்சு போய் பளபளவென்று இருந்தால் அதற்குப் பிடிமானம் போய்விட்டது. சர்க்ளிப்பைக் கழற்றினால் வளையம் கையோடு வந்துவிடும், மாற்றுவது சுலபம். செலவு வளையத்தின் அடியில் இருக்கிறது. ஸ்லீவ் கோர்க்கும் பற்களின் முனை மழுங்கியிருந்தால் அந்தப் பல்வளையத்தையும் மாற்றணும், அதைச் சக்கரத்திலிருந்து பிரஸ் வைத்துத்தான் எடுக்க முடியும். பணத்தை மிச்சம் பிடிக்க மழுங்கிய பல்லின் மேல் புது வளையம் போட்டால் வேலை அரைகுறைதான்.

பினியனும் கிரவுன் சக்கரமும் ஜோடியாகப் பொருத்திச் செய்தவை, எண் பொறித்திருக்கும். பினியன் பேரிங்கையோ உறையையோ மாற்றினால் ஷிம் கணக்கை மறுபடி அளக்க வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தவறினாலும் பிறகு ஊளைச் சத்தம் கேட்கும். கடைசியாக ஃபோர்க்குகள். ஸ்லீவ் நட்டநடுவில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் இறுக்கணும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் யாரும் கியர் போடாதபோதே அந்தப் பக்கத்து வளையம் உரசித் தேயும்.

தோல்வியா?

1987 மாடலில் போர்ஷ் ஜி50 பெட்டிக்கு மாறியது. அதில் இருப்பது போர்க்-வார்னர் முறை. சொந்தக் கண்டுபிடிப்பை அந்தக் கம்பெனியே 911இல் கைவிட்டது. அதனால் ஷ்மிட்டின் யோசனை தோற்றது என்று சொல்லிவிடலாமா? 34 வருஷம் ஓடிய ஒன்றை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உரசல் இருக்கும் இடத்தில் தேய்மானம் இருக்கும். எந்தப் பாகம் தேயலாம் என்பதை மட்டும்தான் பொறியாளர் முடிவு செய்ய முடியும். ஷ்மிட் அதை ஒரு சர்க்ளிப்பைக் கழற்றினால் கையில் வரும் வளையத்தின் மேல் வைத்தார். வளையம் தேய்ந்து, பல் பிழைக்கும். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: வளையம் முடிந்துபோகும்போது யாராவது அதை மாற்ற வேண்டும். இரண்டாவது கியர் கத்துகிற சத்தம் அதற்கான நோட்டீஸ். நோட்டீஸைப் படிக்காமல் அஞ்சு வருஷம் ஓட்டினால் பல் போகும், பிறகு சக்கரமே போகும். இன்று காரேஜ்களில் திறக்கப்படும் பல 915களில் தெரிவது அந்த அஞ்சு வருஷம்தான்.