பெறுபேறு என்னும் அளவுகோல்

ஒரு பாடசாலை எப்படி என்று விசாரிக்கும்போது நம்மவர்கள் முதலில் கேட்பது, "ஐந்தாம் ஆண்டில் எத்தனை பேர் பாஸ்?" என்பதைத்தான். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்கள் பதாகைகளில் தொங்குகின்றன. தாண்டாத பிள்ளைகளுக்குப் படமில்லை. இந்த அளவுகோல் நம் காலத்தில் முளைத்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் அது நூற்றைம்பது வருடங்களுக்கும் மேற்பட்ட பழைமை உடையது. இங்கிலாந்தில் பிறந்து, 1870இல் நமது தீவுக்கும் வந்து சேர்ந்தது. அதன் வரலாற்றை ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருத்தல் அவசியம் எனக் கருதுகிறேன்.

இங்கிலாந்தின் ஆரம்பக் கல்வியை ஆராய்வதற்கு 1858இல் நியூகாசில் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 1861இல் வெளியான அதன் அறிக்கை ஒரு நியாயமான குறையைச் சுட்டிக்காட்டியது. ஆசிரியர்கள் மேல்வகுப்புப் பிள்ளைகளில் கவனம் செலுத்துகின்றனர். சின்னப் பிள்ளைகள் வாசிப்பும் எழுத்தும் எண்ணும் சரிவரக் கற்காமலே விலகிப் போகின்றனர் என்பதே அக்குறை. இதற்கு அப்போது கல்விக்குப் பொறுப்பாயிருந்த றொபேட் லோ கண்ட மருந்துதான் 1862ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட கல்விக் கோவை. பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு என்று அம்முறை பெயர் பெற்றது.

அதன் கணக்கு மிக எளிது. பிள்ளையின் வரவுக்கு 4 ஷில்லிங். பரீட்சைக்கு 8 ஷில்லிங். அரசாங்கப் பரிசோதகர் ஆண்டுக்கொரு முறை வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றிலும் சோதிப்பார். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டப்படும். மூன்றிலும் தவறினால் அந்த 8 ஷில்லிங்கும் போய்விடும். இந்த முறை திறமையைத் தராவிட்டால் சிக்கனத்தையாவது தரும் என்ற கருத்தில் லோ பாராளுமன்றத்தில் பேசினார். சிக்கனம் உடனே கிடைத்தது. 1861இல் 8 இலட்சத்து 13 ஆயிரம் பவுணாக இருந்த அரசாங்க நன்கொடை, 1865இல் 6 இலட்சத்து 37 ஆயிரம் பவுணளவிற்கு இறங்கியது.

திறமைக்கு என்ன நேர்ந்தது? இதற்குச் சாட்சி சொன்னவர் ஒரு கவிஞர். மத்தியூ ஆர்னோல்டை ஆங்கில இலக்கியம் படித்தோர் அறிவர். அவர் 1851 முதல் 1886 வரை பாடசாலைப் பரிசோதகராகவே தமது சீவியத்தை நடத்தினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இம்முறையை அவர் தொடக்கம் முதலே எதிர்த்து எழுதினார். பிள்ளைகள் வருடம் முழுவதும் ஒரே வாசிப்புப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்து மனனம் செய்து பரிசோதகர் முன் ஒப்புவித்தனர். பரீட்சையில் தேறிய பிள்ளை, தான் முன்பு காணாத எளிய பந்தி ஒன்றை வாசிக்கத் தடுமாறியது. காசு தராத சரித்திரமும் பூமிசாத்திரமும் நேரசூசியில் இருந்து மறைந்தன. அவற்றை மீட்பதற்காக 1867இல் மேலதிகப் பாடங்களுக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதாயிற்று. நோயுற்ற பிள்ளைகளைக்கூடப் பரீட்சை நாளில் கூட்டி வந்த கதைகளும் உண்டு. 1890க்குப் பின் அம்முறை படிப்படியாகக் கைவிடப்பட்டது. பிரதம பரிசோதகராயிருந்து ஓய்வு பெற்ற எட்மண்ட் ஹோம்ஸ் 1911இல் எழுதிய நூலில், அந்த முப்பது வருடங்களும் ஆசிரியர்களைச் சிந்திக்க விடாத வருடங்கள் என்னும் தீர்ப்பைக் காணலாம்.

இலங்கையில் 1867இல் மோர்கன் குழு அறிக்கை சமர்ப்பித்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. அதற்கடுத்த ஆண்டிலிருந்து உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றின் அடிப்படையில் பணம் கொடுக்கப்பட்டது. தனியார் பாடசாலையைக் கட்டி, ஆசிரியரை அமர்த்தி, பிள்ளைகளைத் தேற வைத்தால் அரசாங்கம் பணம் தரும். இதனால் மிகுந்த நன்மை பெற்றவை ஏற்கெனவே பாடசாலைகளும் ஆசிரியர்களும் கைவசம் வைத்திருந்த கிறிஸ்தவ மிஷன்கள்.

நமது சமூகமோ மதமாற்றத்திற்கு அஞ்சி அப்பாடசாலைகளை விட்டு ஒதுங்கி நின்றது. சொந்தப் பாடசாலை இல்லாதவனிடம் காட்டுவதற்குப் பெறுபேறு ஏது? பெறுபேறு இல்லாதவனுக்கு நன்கொடை ஏது? இந்த வட்டத்தை உடைக்கப் புறப்பட்டவர்தான் அறிஞர் சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்து நவீன கல்வியின் தேவையை எடுத்துரைத்தார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இங்கு வந்த ஒராபி பாஷா அவருக்குத் துணை நின்றார். 1884இல் கொழும்பில் அல்மத்ரஸதுல் கைரியதுல் இஸ்லாமிய்யா தோன்றியது. வாப்பிச்சி மரிக்காரின் உழைப்போடு 1892இல் மருதானையில் அமைந்த பாடசாலையே பின்னர் ஸாஹிறாக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. நாம் ஏன் பிந்தினோம் என்பதற்கு நமது அச்சத்தை மாத்திரம் காரணம் காட்டுவோர் உளர். முன்னே நிற்பவனுக்கே மேலும் கொடுத்த ஒரு நன்கொடை முறையும் அக்காலத்தில் இருந்தது என்பதைச் சேர்த்தே கூறுதல் வேண்டும்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960இல் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கச் சட்டம் வந்தது. ஆசிரியரின் சம்பளம் பிள்ளையின் பரீட்சையிலிருந்து முற்றாகப் பிரிந்தது. எனினும் அந்த எண்ணம் உலகை விட்டுப் போகவில்லை. அண்மைக் காலங்களில் ஆய்வாளர்கள் அதனைப் பரிசோதித்தும் பார்த்திருக்கின்றனர்.

கென்யாவின் கிராமப் பாடசாலைகள் சிலவற்றில் 1998, 1999 ஆகிய இரு வருடங்கள் பரீட்சைப் பெறுபேற்றுக்காக ஆசிரியர்களுக்குப் பரிசுகள் வழங்கப்பட்டன. பரிசுக்குரிய பரீட்சையில் புள்ளிகள் கூடின. ஆனால் ஆசிரியரின் வரவு கூடவில்லை. பரீட்சைக்கான மேலதிக வகுப்புகளே கூடின. பரிசுத் திட்டம் முடிந்தபின் அந்த முன்னேற்றமும் நிலைக்கவில்லை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2006 முதல் மூன்று வருடங்கள் கணித ஆசிரியர்களுக்கு 15,000 டொலர் வரை ஊக்கத்தொகை அளிக்கப்பட்டது. மொத்தமாகப் பார்க்கையில் மாணவரின் அடைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. அதே நாட்டின் அட்லாண்டா நகரில் பெறுபேற்று நெருக்குதல் முற்றி, ஆசிரியர்களும் அதிபர்களுமே விடைத்தாள்களைத் திருத்தி எழுதியமை 2011ஆம் ஆண்டின் விசாரணை அறிக்கையில் அம்பலமானது. 2015இல் அவர்களில் சிலர் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்.

இவற்றை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப் பாடசாலைகளில் 2005இல் ஆரம்பித்த ஆய்வொன்று வேறு விடை தந்தது. ஊக்கத்தொகை பெற்ற பாடசாலைகளில் கணிதமும் மொழியும் உயர்ந்தன. ஊக்கத்தொகையோடு சம்பந்தப்படாத விஞ்ஞானமும் சமூகக் கல்வியும்கூட உயர்ந்தன. மனனத்தால் மட்டும் விடையளிக்க முடியாத கேள்விகளிலும் பிள்ளைகள் முன்னேறினர். ஏன் இந்த வேறுபாடு? காரணங்கள் பல இருக்கலாம். ஒன்று என் கண்ணில் படுகிறது. அங்கே வெட்டுப்புள்ளி இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தான் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதிலிருந்தே கணக்குப் பார்க்கப்பட்டது. அடிமட்டத்தில் இருந்த பிள்ளையின் நகர்வுக்கும் அங்கே பெறுமதி இருந்தது.

லோவின் கணக்கில் இது கிடையாது. அங்கே கோட்டுக்கு மேலே இருந்த பிள்ளை இன்னும் எவ்வளவு உயர்ந்தாலும் காசில்லை. கோட்டுக்கு வெகு கீழே இருந்த பிள்ளை பாதித் தூரம் ஏறி வந்தாலும் காசில்லை. கோட்டின் ஓரத்தில் நிற்பவர்களே ஆசிரியரின் பார்வையில் பட்டனர். நமது வெட்டுப்புள்ளியும் இதையேதான் செய்கிறது. எழுத்துக் கூட்டத் தெரியாமல் நான்காம் ஆண்டுக்கு வந்த பிள்ளை, ஐந்தாம் ஆண்டு முடிவில் ஒரு கதையைத் தானே வாசிக்கிறது என்றால் அது பெரும் சாதனை. கடலுக்கும் வயலுக்கும் போகும் வாப்பாவின் பிள்ளை அது. வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளில்லை, ரியூஷனுக்குக் காசில்லை. வெட்டுப்புள்ளியின் கணக்கிலோ அதன் பெயர் சித்தியடையாதவர். அதற்கு வாசிக்கக் கற்பித்த ஆசிரியையின் உழைப்பும் அந்தச் சொல்லுக்குள் புதைந்து போகிறது.

வேறு அளவுகோல் நமக்குத் தெரியாததல்ல. குர்ஆன் மத்ரஸாவில் லெப்பை ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே முன்னிருத்தி ஓதக் கேட்பார். ஒரு பிள்ளை அலிஃப், பே படிக்கும். பக்கத்துப் பிள்ளை அம்ம ஜுஸ்உவில் நிற்கும். மூன்றாவது பாதிக் குர்ஆனைத் தாண்டியிருக்கும். நேற்றைய பாடம் சரிவந்தால்தான் இன்றைய பாடம். பொருள் விளங்காத மனனம் அங்கும் உண்டுதான். எனினும் எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது லெப்பைக்குத் தெரியும்.

புலமைப்பரிசில் பரீட்சையை ஒழித்துவிட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. வறிய பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் அது பெற்றுத் தருகிறது. பாடசாலையின் தரத்தையும் ஆசிரியரின் தகுதியையும் அதனைக் கொண்டே நிறுப்பதுதான் பிழை. வருடத் தொடக்கத்தில் பிள்ளை எதை வாசித்தது, முடிவில் எதை வாசிக்கிறது என்று ஒவ்வொரு வகுப்பிலும் ஓர் அப்பியாசக் கொப்பியில் குறித்து வைக்கலாம். பெற்றோர் கூட்டத்தில் முதலில் அதனை எடுத்து வாசிக்கலாம். அதற்குச் சுற்றுநிருபம் தேவையில்லை. பள்ளிவாசல் நிருவாகிகளும் பழைய மாணவர் சங்கங்களும் அடுத்த முறை பரிசளிப்பு விழா நடத்தும்போது, வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளோடு அதிக தூரம் நடந்து வந்த பிள்ளையையும் மேடைக்கு அழைக்கட்டும்.