முப்பத்திரண்டு உத்திகள்

அர்த்தசாஸ்திரம் என்றதும் ஒற்றரும் கோட்டையும் வரியும்தான் நினைவுக்கு வரும். அதன் கடைசிப் பகுதியான பதினைந்தாம் அதிகரணத்தின் பேச்சு வேறு. ஒரு நூலைக் கட்டவும் கட்டியதைப் படிக்கவும் உதவும் 32 தந்திரயுக்திகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தன் நூலுக்குள்ளிருந்தே சான்று காட்டுகிறார் கௌடில்யர். தந்திரம் என்பது இங்கே சூழ்ச்சியல்ல, நூல்.

வைத்தியர்களும் இதைக் கையில் எடுத்தார்கள். சுஸ்ருத சம்ஹிதையில் 32, சரக சம்ஹிதையில் 36. அரசரைவிட அவர்களுக்கே இது அதிகம் தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். மறுப்பதற்காக எடுத்துச் சொன்ன கருத்தை நூலின் முடிவென்று ஒரு வைத்தியர் நம்பிவிட்டால், அவதி நோயாளிக்கு.

தமிழில் இவற்றுக்கு ‘உத்தி’ என்று பெயர். தொல்காப்பியத்தில் இவை மரபியலின் இறுதியில் வருகின்றன; அந்தப் பகுதி பின்னால் சேர்ந்தது என்பாரும் உண்டு. அங்கும் 32தான், ஆனால் வடமொழிப் பட்டியலின் படியல்ல. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி அவற்றைப் பாயிரத்துக்கே கொண்டுவந்துவிட்டார். வீட்டுக்குள் நுழையுமுன் சாவியைக் கொடுத்துவிடும் ஆசிரியர்! ‘பிறன்கோட் கூறல்’ என்றால் சொல்வது அடுத்தவர் கொள்கை. ‘தன்குறி வழக்கம் மிக எடுத்துரைத்தல்’ தானே ஆக்கிய கலைச்சொல்லைப் பலமுறை ஆள்வது. ‘உரைத்தும் என்றல்’, ‘உரைத்தாம் என்றல்’ இரண்டும் இன்றைய ஆய்வேடுகளில் ‘பின்னர் விளக்கப்படும்’, ‘முன்னரே கண்டோம்’ என்று உலவுகின்றன.

உரையாசிரியர்கள் கையில்தான் இவை நன்றாகப் புழங்கின. நூற்பா சொல்லாத ஒன்றை அதன் இனத்தோடு சேர்க்க ‘ஒன்றின முடித்தல் தன்னின முடித்தல்’ உதவியது. சில இடங்களில் இது நூலைக் காப்பாற்றும் சாக்காகவும் ஆகியிருக்கிறது என்பது என் ஐயம்.

அர்த்தசாஸ்திரமோ பல நூற்றாண்டுகள் கண்ணில் படாமல் கிடந்தது. 1905-இல் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் அதன் கிரந்த எழுத்துச் சுவடியை மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் கொடுத்தார். அங்கிருந்த சாமசாஸ்திரி 1909-இல் மூலத்தை அச்சிட்டார். தமிழ்ப் பட்டியலையும் கௌடில்யர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வழி பிறந்தது அப்போதுதான்.

இன்று முனைவர் பட்ட ஆய்வேட்டின் ‘ஆய்வு முறையியல்’ இயலில் பெரும்பாலும் மேற்கத்திய நூல்களே பேசுகின்றன. முப்பத்திரண்டும் இலக்கணத் தாளில் மனப்பாடக் கேள்வியாக நிற்கின்றன.