'73' என்றால் என்ன? மோர்ஸில் விடைபெறும் முறை

மலாக்கா தோட்டங்களில் பெரியவர்கள் கிளம்பும்போது 'போறேன்'னு சொல்ல மாட்டாங்க. 'போயிட்டு வரேன்'னுதான் சொல்வாங்க. மோர்ஸ் குறியீட்டில் பேசும் அமெச்சூர் வானொலியாளர்களும் அப்படித்தான். சட்டென்று தொடர்பைத் துண்டித்துவிட்டுப் போவதில்லை.

ஏன் சுருக்கம்?

மோர்ஸில் ஒவ்வோர் எழுத்தும் குட்டையான, நீளமான ஒலிகளாகப் போகிறது. நன்கு பழகியவர் அனுப்பினாலும் நேரம் பிடிக்கும். அதனால் 19ஆம் நூற்றாண்டுத் தந்தி ஊழியர்கள் தங்களுக்குள் சுருக்கங்களை வைத்துக்கொண்டார்கள். மலேசியாவில் தந்திச் சேவை 2012இல் முடிந்துவிட்டது. அந்தச் சுருக்கங்கள் மட்டும் வானொலியில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

பேச்சு எப்படிப் போகும்?

ஜாசினில் ஒருவர் 'சிக்யூ' என்று அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'யாராவது பேச வர்றீங்களா?' என்பது அதன் பொருள். அவருடைய அழைப்புக் குறி 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கினால், தீபகற்ப மலேசியா என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். ஜப்பானிலிருந்து பதில் வருகிறது.

• 599: உங்கள் சிக்னல் தெளிவாக, பலமாகக் கேட்கிறது.
• க்யூடிஎச்: நான் இருக்கும் ஊர்.
• ஓஎம்: 'ஓல்டு மேன்'. வயது 18 ஆனாலும் ஆண்களை இப்படித்தான் கூப்பிடுவார்கள், நம்ம 'அண்ணே' மாதிரி.
• ஒய்எல்: 'யங் லேடி'. பாட்டியாக இருந்தாலும் இதேதான்!

விடைபெறும்போது

• டியூ: நன்றி.
• சியூஏஜிஎன்: மறுபடியும் சந்திப்போம்.
• 73: அன்பான வாழ்த்துகள். 7 என்பது – – · · ·, 3 என்பது · · · – –. இரண்டும் கண்ணாடி பிம்பம் போல இருக்கும். '73கள்' என்று எழுதாதீங்க. அது ஏற்கெனவே பன்மை.
• 88: அன்பும் முத்தமும். யாருக்கு அனுப்புறீங்கன்னு பார்த்து அனுப்புங்க.
• எஸ்கே: பேச்சு முடிந்தது. இரண்டு எழுத்தையும் இடைவெளி இல்லாமல் · · · – · – என்று சேர்த்து அனுப்ப வேண்டும்.

கடைசியாக ஒருவர் 'டிட் டிட்' என்று இரண்டு புள்ளி தட்டுவார். மற்றவரும் அதையே திருப்பித் தட்டுவார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாவிட்டாலும், இருவரும் மரியாதையாக விடைபெற்றாகிவிட்டது.

எஸ்கே என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. காலமான வானொலியாளரை 'சைலன்ட் கீ' என்பார்கள். அவர் தட்டிய மோர்ஸ் விசை மௌனமாகிவிட்டது என்று பொருள்.

இனி யார் கற்பார்கள்?

மோர்ஸ் தேர்வு கட்டாயமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யலாம் என்று 2003 உலக வானொலி மாநாடு விட்டுவிட்டது. பல நாடுகள் அதைக் கைவிட்டன. எனவே இந்த மரபு இனி விரும்பிக் கற்பவர்கள் கையில்தான் இருக்கிறது. சிக்னல் பலவீனமாக இருந்து குரல் புரியாமல் போகும்போதும் மோர்ஸ் பெரும்பாலும் கேட்டுவிடும் என்பது அதைக் கற்க இன்னொரு காரணம்.

மலேசியாவில் சிக்னல் அனுப்ப எம்சிஎம்சி அனுமதி தேவை. தொடங்கும்போது வேகம் வராதேன்னு கவலைப்படாதீங்க. 'க்யூஆர்எஸ்' என்று அனுப்புங்கள். 'மெதுவாக அனுப்புங்கள்' என்று பொருள். அனுபவசாலிகள் உங்கள் வேகத்துக்கு இறங்கி வருவார்கள். அதுவும் இந்த மரபில் ஒரு மரியாதைதான்.