இரண்டு சீட்டும் ஒரு கடிதமும்

எனக்குக் கிடைத்த எம்.பி.பி.எஸ். சீட்டுக்கு என்னைவிட வயது அதிகம். சென்னை ராஜ்யத்தின் வகுப்புவாரி அரசாணை மருத்துவக் கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிஜனங்களுக்கு (சொல் அரசாங்கத்தினுடையது, என்னுடையதல்ல) 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1. 1950இல் ராஜ்யம் முழுக்க நாலு கல்லூரி, 330 இடம். இந்தக் கணக்கே கூடாதென்று அந்த ஜூனில் செண்பகம் துரைராஜன் உயர்நீதிமன்றம் போனார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. தீர்ப்பிலேயே அது பதிவாகியிருக்கிறது. ஆனாலும் 1951 ஏப்ரல் 9இல் உச்சநீதிமன்றம் அரசாணை செல்லாது என்றது. இங்கே கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தை முதல்முறையாகத் திருத்தி 15(4) வந்தது.

1978இல் அந்த வழியாகத்தான் உள்ளே போனேன். விடுதியில் என் பெயர் 'கோட்டா'. பிணம் அறுக்கும் மேசையில் கத்தி என் கைக்கு வராமலே சுற்றும். இதையெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள், நீட்டவில்லை. நான் எழுதாதது வேற.

1990இல் புதுவாயலில் ஜி.என்.டி. ரோட்டோரம் கிளினிக் போட்டேன். பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட், இரும்பு உருக்கும் ஆலைகள். இண்டக்‌ஷன் உலையின் உட்சுவருக்கு சிலிக்காத் தூளைக் கொட்டி இடித்து இறுக்குவார்கள். தேய்ந்ததும் உடைத்தெடுத்து மறுபடி இடிக்கணும். காண்ட்ராக்ட் ஆள் வேலை. என்னிடம் இருமிக்கொண்டு வந்ததெல்லாம் முதலில் நம்ம சேரிப் பிள்ளைகள், பிறகு ஒடிசா, பீகார்க்காரர்கள். மூக்குக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். அந்தத் தூள் நுரையீரலைத் தழும்பாக்கி இறுக்கிவிடும். குணமாக்க மருந்து கிடையாது. அதன்மேல் டி.பி.யும் சுலபமாக ஏறும். எக்ஸ்ரேயில் ஒன்றை இன்னொன்றாக நினைக்க இடமுண்டு.

நான் நினைக்கவில்லை. தெரிந்தேதான் 'டி.பி.' என்று எழுதினேன். டி.பி. என்றால் மாத்திரை இலவசம். சிலிகோசிஸ் என்றால் அவன் வேலை போகும், கம்பெனி ஆள் வாசலில் நிற்பான். இதெல்லாம் வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது பயம்: பெரிய ஆஸ்பத்திரியில் எவனாவது இல்லை என்று சொல்லிவிட்டால், கோட்டா டாக்டருக்கு என்னய்யா தெரியும் என்பானே.

1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவுப்படி, இந்த நோயைப் பார்க்கும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவித்தே ஆகவேண்டியிருந்தது. தவறினால் அபராதம் மருத்துவருக்கு. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பிரிவுதான். போயிருந்தால் நஷ்டஈடு கேட்க ஒரு தாளாவது அந்தக் குடும்பங்கள் கையில் இருந்திருக்கும். நான் ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

2004இல் அடுத்த தெருப் பையன் ஒருத்தன் செத்தான். முப்பத்தொரு வயசு. அவன் பெண்டாட்டி என் சீட்டையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். "ஆறு மாசம் மாத்திர தின்னாரே அண்ணா. டி.பி. போயிடும்னு நீதான சொன்ன. ஏன் போவல?"

"உடம்பு தாங்கலம்மா" என்றேன்.

பழைய நோட்டுகள் பரணில் இருந்தன. இப்போது இறக்கி வைத்திருக்கிறேன். டி.பி. என்று எழுதிய பெயர்களில் உலை வேலைக்காரர்களுக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டு வருகிறேன். நேற்றுவரை நாற்பத்தொன்று. இன்னும் ஆறு நோட்டு இருக்கிறது.